படுக்கைப் புண்ணும் ஒரு தாயின் இரவுகளும்

சகோதரிகளே, படுக்கைப் புண் என்றால் என்னவென்று உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மகனையோ கணவனையோ தங்கையையோ வருடக் கணக்காகக் கட்டிலில் வைத்துப் பார்த்து வருபவர்கள் நீங்கள். அதன் மணம் எப்படி இருக்கும் என்பதும், விரிப்பில் ஈரத்தைக் கண்டதும் நெஞ்சு எப்படித் திடுக்கிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. பேராதனையில் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்று, சில வருடங்கள் சமூகப் பணியிலும் இருந்த பிறகும் தெரியாமல் இருந்தது. அதனால் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வீதியால் சற்றுத் தூரம் போனால் மஹய்யாவ. நகரத்தைக் கூட்டித் துப்புரவாக்குவதற்காக வெள்ளையர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள். ஒரு வீட்டின் கூரைக்கு மேலே அடுத்த வீட்டின் வாசல் இருக்கும். ஒழுங்கைகள் பலவும் படிக்கட்டுகளே.

நான் சொல்லப் போகும் அம்மா பிறந்தது அங்கேதான். 1977ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களோடு அவரது பெற்றோரும் போனார்கள். மாநகரசபையில் வேலையிலிருந்த மூத்த அண்ணன் மட்டும் மஹய்யாவயிலேயே நின்றுவிட்டார். அம்மா கிளிநொச்சிப் பக்கம் வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் கணவனை இழந்தார். அதே நாளில் 17 வயது மகளுக்கு முதுகில் ஷெல் துண்டு பட்டது. செஞ்சிலுவைச் சங்கம் காயப்பட்டவர்களை ஏற்றிய கப்பலில் புல்மோட்டைக்குப் போய், அங்கிருந்து வைத்தியசாலை வைத்தியசாலையாக அலைந்து, முகாமிலும் இருந்து, 2012இல் தாயும் மகளும் மஹய்யாவக்கு அண்ணன் வீடு தேடி வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை.

2022 ஜனவரியில் நான் அவர்களைச் சந்தித்தபோது புண் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. உட்காரும்போது நிலத்தில் படும் எலும்பின் மேல், இடது பக்கம். வெளியே ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுதான் தெரிந்தது. உள்ளே அது கொழுப்பு வரைக்கும் போயிருந்தது. தோல் உடையாமல் நிறம் மாறினால் முதலாம் நிலை, மேல்தோல் உரிந்தால் இரண்டாம் நிலை, கொழுப்புத் தெரியுமளவுக்குக் குழிந்தால் மூன்றாம் நிலை, தசையோ எலும்போ தெரிந்தால் நான்காம் நிலை என்று வகுத்திருக்கிறார்கள். இது மூன்றாம் நிலை.

இரண்டு மாதமாக ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று அந்தத் தங்கச்சியிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் மற்றப் பக்கம் பார்த்தாள். பிறகுதான் விளங்கியது. அது ஒரே அறை. மாமாவும் மாமாவின் இரண்டு பையன்களும் வந்து போகும் அறை. புண் இருக்கும் இடமோ தாயைத் தவிர வேறு எவருக்கும் காட்டக்கூடாத இடம். கிளினிக்கில் அன்று இருந்தவர் ஆண் என்பதால் இரண்டு தடவை காட்டாமலேயே திரும்பி வந்திருக்கிறாள். படுக்கைப் புண் பற்றிய எந்தக் கையேட்டிலும் இதை நான் வாசிக்கவில்லை. ஆனால் பெண்பிள்ளைகளின் புண் மூன்றாம் நிலைக்குப் போவதற்கு வெட்கமும் ஒரு காரணமென்று நான் உறுதியாகச் சொல்வேன். பெண் தாதியையோ பெண் வைத்தியரையோ கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு சேலையைக் குறுக்கே கட்டி மறைப்புச் செய்வதற்கு எந்த நிறுவனத்தின் உதவியும் தேவையில்லை. நாங்கள் அதைத்தான் முதலில் செய்தோம்.

முதலில் செய்தது சரி. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பிழை.

வைத்தியசாலையில் புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து கட்டும் முறையையும் காட்டிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற ஆவல். இயந்திரங்களால் புண்ணை ஆற்றும் பிசியோதெரபி முறைகள் இருப்பதாக எங்கோ வாசித்தேன். செவிக்கு எட்டாத ஒலியலையைப் பாய்ச்சும் அல்ட்ராசவுண்ட், லேசர் ஒளி, மெல்லிய மின்சாரத் தூண்டல் என்று பல. உடனே நாலு பேரிடம் பணம் சேர்த்து, ஒரு தனியார் நிலையத்தில் வாரம் இரண்டு நாள் அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கு ஒழுங்கு செய்தேன். நன்கொடையாளர் ஒருவரிடமிருந்து மின்சாரத்தால் காற்றடைத்து இயங்கும் மெத்தையொன்றும் கிடைத்தது. மாத அறிக்கையில் இரண்டையும் பெருமையோடு எழுதினேன்.

அந்த வருடம் எப்படிப் போனதென்று உங்களுக்கு ஞாபகமிருக்கும். மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. மின்சாரம் போனதும் காற்று மெத்தை மெல்ல மெல்ல இறங்கிவிடும். வலி தெரிந்த உடம்பாக இருந்தால் பலகை குத்துகிறதென்று எழும்பியிருப்பாள். உணர்வில்லாத உடம்பு வெறும் பலகையில் கிடந்து நித்திரை கொண்டது.

நிலையத்துக்குப் போகும் நாட்களில், மாமாவின் பையன்கள் அவளைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி 60 படி இறக்குவார்கள். வீதியில் முச்சக்கரவண்டி. போகும் வழியில் குலுக்கல். நிலையத்தில் வாங்கில் ஒரு மணித்தியாலம் காத்திருப்பு. திரும்பவும் வண்டி, திரும்பவும் கதிரை, 60 படி ஏற்றம். சிகிச்சை 10 நிமிடம். அந்த 10 நிமிடத்திற்காக மூன்று மணித்தியாலம் அந்தப் புண்ணின் மேலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். இதை அழைத்துப் போன எனக்கும் தெரியவில்லை, வேறெவரும் கேட்கவும் இல்லை.

மே மாதம் புண் பெரிதாகியிருந்தது. நான் வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்தேன். இரண்டு மணித்தியாலத்திற்கு ஒரு தரம் உடம்பைத் திருப்ப வேண்டுமென்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதில் இரவு நேரக் கட்டங்கள் பலவும் வெறுமையாக இருந்தன. அம்மாவிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் காலை ஐந்து மணிக்கு எழும்பி இரண்டு வீடுகளில் வேலை செய்துவிட்டு வருபவர். அன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் இருந்தார்.

"புள்ளைய நான் திருப்புறேன் மிஸ். என்னய யாரு திருப்புறது?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னார். பெண்களின் கணக்கில் வராத உழைப்பைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நீண்ட கட்டுரை எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். சுவரில் அட்டவணை ஒட்டியவளும் நான்தான்.

இந்த இரண்டு மணித்தியாலக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டில் காயப்பட்ட படையினருக்காக ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதற்குப் பொறுப்பாயிருந்தவர் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர். நாசி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர் அவர். அக்காலத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களில் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்க் கிருமித் தொற்றாலும் இறந்துவிடுவார்களாம். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்திற்கு ஒரு தரம் எல்லோரையும் திருப்ப வேண்டுமென்பதைக் குட்மன் விடாப்பிடியாக நடைமுறைப்படுத்தினார். அவர்கள் உயிர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களை விளையாடவும் வைத்தார். 1948இல் அங்கு நடந்த போட்டியிலிருந்துதான் இன்றைய பராலிம்பிக் விளையாட்டு வளர்ந்தது. நல்ல வரலாறுதான். ஆனால் அங்கே திருப்புவதற்கு முறை மாறி முறை மாறி ஆட்கள் இருந்தார்கள். மஹய்யாவயில் அந்த வீட்டில் ஒரேயொரு அம்மா இருந்தார்.

ஜூன் கடைசியில் எரிபொருள் நின்றது. 27ஆம் திகதியிலிருந்து அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுந்தான் என்று அரசாங்கம் அறிவித்தது. முச்சக்கரவண்டி கிடைக்காததால் நிலையத்துக்குப் போவதும் நின்றது. சிகிச்சை தடைப்பட்டுவிட்டதே என்று நான் கவலைப்பட்டு, தெரிந்த ஒருவர் மூலம், பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்டை, அதாவது இயன்மருத்துவரை, வீட்டுக்கு வரும்படி கேட்டேன். சிங்களப் பெண். வேலை முடிந்து நடந்தே வந்தார்.

புண்ணைப் பார்ப்பதற்கு முன்னர் அவர் மெத்தையைப் பார்த்தார். கையை மேல்நோக்கி விரித்து மெத்தைக்கு அடியில், உடம்பின் பாரம் விழும் இடத்திற்கு நேர்கீழே நுழைத்தார். கைக்கும் உடம்புக்கும் இடையில் ஓர் அங்குலக் கனமாவது இருக்க வேண்டும், எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை இருந்தும் இல்லாததற்குச் சமம் என்றார். பிறகு சக்கர நாற்காலியைப் பார்த்தார். யாரோ கொடுத்த டயர் டியூப் ஒன்று அதில் இருந்தது. வளையம் போன்ற இருக்கையைப் பாவிக்கவே கூடாதாம். நடுவில் பாரம் குறைகிறதென்று நாங்கள் நினைக்கிறோம். சுற்றிவர இருக்கும் அழுத்தம் நடுப்பகுதிக்குப் போகும் இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடுகிறதாம். குதிகாலுக்கு அடியில் நாங்கள் வைத்திருந்த தண்ணீர் நிரப்பிய கையுறையையும் எடுத்துவிட்டார்.

கடைசியில்தான் கேட்டார், நிலையத்துக்கு எப்படிப் போய் வந்தீர்கள் என்று. நான் விபரமாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போகாமல் விட்டதுதான் மருந்து" என்றார்.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். எலும்புக்கும் கட்டிலுக்கும் இடையில் தசை நசுங்கும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. இரத்தம் போகாத இடம் செத்துப்போகிறது. அழுத்தம் அப்படியே இருக்கையில் மேலே எந்த இயந்திரத்தை வைத்தாலும் செத்த இடத்தில் சதை வளராது. இயந்திரங்களிலும் எல்லாம் ஒன்றல்ல. மின் தூண்டலுக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. 2020இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 20 ஆய்வுகளை, 900க்கும் மேற்பட்ட நோயாளர்களை, ஒன்றாக வைத்துப் பார்த்து, அது புண் ஆறுவதற்கு உதவக்கூடும் என்று சொல்கிறது. அல்ட்ராசவுண்டுக்கும் லேசருக்கும் உள்ள சான்று மெலிந்ததே. மின் தூண்டலும் கூட அழுத்தத்தை நீக்கி, மருந்து கட்டி, நல்ல சாப்பாடு கொடுத்து வரும்போது சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்று. அவற்றுக்குப் பதிலாக அல்ல. சூடு கொடுக்கிறோம் என்று சுடுதண்ணீர்ப் பையை வைத்துவிடாதீர்கள். உணர்வில்லாத தோல் வெந்து போனாலும் பிள்ளைக்குத் தெரியாது.

அப்படியானால் பிசியோதெரபி எதற்கு என்று கேட்டேன். "இந்தப் பிள்ளை தானே திரும்புவதற்கு" என்றார்.

அடுத்த மூன்று மாதம் அவர் செய்தது அதைத்தான். முதலில் குப்புறப் படுக்கப் பழக்கினார். நெஞ்சுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்றாகத் தலையணை வைத்து, முழங்காலும் கால்விரலும் எதிலும் முட்டாதபடி. முதல் நாள் 20 நிமிடம்தான். எழுப்பித் தோலைப் பார்த்து, புதிதாக நிறம் மாறாவிட்டால் அடுத்த நாள் சற்றுக் கூடுதலாக. குப்புறப் படுக்கும்போது உட்காரும் எலும்பில் துளியும் பாரமில்லை. நன்கு பழகியவர்கள் பல மணித்தியாலம் அப்படி நித்திரை கொள்ளலாம். ஆனால் இடுப்பு மடங்கி இறுகியவர்களுக்கும் மூச்சுக் கஷ்டம் உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது. ஆகவே உங்கள் வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள்.

செப்டெம்பர் மாதம் அவள் இரவில் நாலு மணித்தியாலம் ஒரே மூச்சில் குப்புறப் படுத்தாள். அம்மாவும் நாலு மணித்தியாலம் ஒரே மூச்சில் படுத்தார். எனது அட்டவணையில் இதற்குக் கட்டமே இருக்கவில்லை.

கைகளைப் பலப்படுத்த மணல் நிரப்பிய சோடாப் போத்தல் இரண்டு. கட்டிலின் காலில் மாமா கட்டிக் கொடுத்த கயிறு. அதைப் பிடித்திழுத்து அவளே ஒருக்களித்தாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டுகள் இறுகாமல் இருக்க அம்மாவுக்கு மெதுவாக நீட்டி மடக்கும் பயிற்சியைக் காட்டினார். அம்மாவின் இடுப்புக்கும் இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மகளைத் தூக்காமல் விரிப்போடு சேர்த்து இழுத்து நகர்த்தும் விதத்தையும் காட்டினார். கறுத்த இடத்தை நாங்கள் எண்ணெய் போட்டுத் தேய்த்து வந்ததை உடனே நிறுத்தச் சொன்னார். நசுங்கிய தசையைத் தேய்த்தால் இன்னும் சிதையும்.

நிறம் பார்ப்பதிலும் ஒரு விடயம் உண்டு. கையேடுகள் தோல் சிவந்தால் கவனி என்கின்றன. படத்தில் இருப்பதும் வெள்ளைத் தோல்தான். எங்களுடைய தோலில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? சுற்றியுள்ள தோலை விடக் கறுத்தோ கத்தரிப்பூ நிறமாகவோ இருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாகவோ குளிராகவோ இருக்கிறதா, விரலால் அமத்தினால் கட்டியாகவோ சதசதப்பாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கச்சிக்கு ஒரு முகக்கண்ணாடியை நீளத் தடியில் கட்டிக் கொடுத்தோம். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தன் உடம்பின் பின்பக்கத்தைத் தானே பார்த்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "இவ்வளவு பெரிசெண்டு அம்மா சொல்லேல்ல" என்றாள்.

புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். அந்த வருடத்து முட்டை விலை உங்களுக்குத் தெரியும். பருப்பு, கடலை, கௌபி, கொஞ்சம் நெத்தலிக் கருவாடு என்று சமாளித்தோம். நிலையத்துக்குக் கொடுத்து வந்த பணத்தில் மிஞ்சியதை முட்டைக்கும் நாலு அங்குல அடர்த்தியான ஸ்பொஞ்ச் மெத்தைக்கும் மாற்றினேன். அதற்கு நன்கொடையாளருக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இயந்திரச் சிகிச்சைக்கென்று வாங்கிய காசில் முட்டை வாங்கினேன் என்று எழுதுவது இலகுவாக இருக்கவில்லை. புண்ணைச் சேலைன் கொண்டு கழுவி மருந்து கட்டும் வேலையை அம்மா செய்தார். கிழமைக்கு ஒரு தரம் பெண் தாதி ஒருவர் வந்து பார்த்தார். மாதவிடாய் நாட்களில் ஈரம் தங்காமல் துணியை அடிக்கடி மாற்றுவதற்கென்று அந்த ஐந்து நாளும் அம்மா ஒரு வீட்டு வேலையை விட்டார். அதற்குரிய சம்பளத்தை யாரும் கொடுக்கவில்லை. எங்கள் நிறுவனத்திடம் கேட்டேன், அப்படியொரு செலவுத் தலைப்பு இல்லை என்றார்கள். இன்றுவரை இல்லை. எங்கள் கூட்டங்களில் நான் இதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவசரமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், நடுக்கம், நாற்றம், சீழ், சுற்றிவரச் சிவந்து வீங்குதல், எலும்பு தட்டுப்படுதல், இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். நெஞ்சளவில் அல்லது அதற்கு மேலே காயப்பட்டவர்களுக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலையிடியும் வியர்வையும் வந்தால், நிமிர்த்தி இருத்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கக்கூடும். ஒரு படுக்கைப் புண்ணே அதற்குக் காரணமாகலாம்.

அவளுடைய புண் மூட 2023 ஏப்ரல் வரை சென்றது. தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை வருடம். அதில் ஐந்து மாதத்தை நான் வீணாக்கினேன் என்பதே எனது கணக்கு. இதை அம்மாவிடம் சொன்னேன். "நீங்களாச்சும் வந்தீங்களே மிஸ்" என்றார். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

மூடிய இடத்துத் தோல் பழைய தோலின் பலத்தை ஒருபோதும் அடையாது. அதனால் உட்காருவதையும் 10 நிமிடம், 15 நிமிடம் என்று புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இப்போது ஸ்பொஞ்ச் இருக்கையில் உட்கார்ந்து, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது மார்பு தொடையில் படும்படி முன்னே குனிந்து இரண்டு நிமிடம் இருக்கிறாள். கையை ஊன்றி எழும்புவதை விட இது நல்லதாம். நசுங்கிய தசைக்கு இரத்தம் திரும்பி வர ஏறத்தாழ அவ்வளவு நேரம் வேண்டும், கையூன்றி அத்தனை நேரம் நிற்க எவராலும் இயலாது, தோள்மூட்டும் தேய்ந்துவிடும். போருக்குப் பின் வன்னியில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே கூடி மாங்குளத்தில் அமைத்த உயிரிழை அமைப்பைப் பற்றி அவளிடம் சொன்னேன். தன்னைப் போல எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டாள்.

அந்த இயன்மருத்துவருக்கு நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. தீபாவளிக்கு அம்மா முறுக்குச் சுட்டுக் கொடுத்தார். அவர் வெசாக்குக்குத் தானே கட்டிய கூடு ஒன்றைக் கொண்டுவந்து அந்த ஒழுங்கையின் வாசலில் தொங்கவிட்டார்.

போன கிழமை தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மிஸ், கண்ணாடியில பார்த்தனான். இடது குதிக்கால் கொஞ்சம் கறுத்திருக்கு, சூடாவும் இருக்கு. இண்டைக்குச் சப்பாத்துப் போடேல்ல, காலைத் தூக்கி வச்சிருக்கிறன்."

"அம்மா எங்கே?" என்று கேட்டேன்.

"நித்திரை. எழுப்பேல்ல" என்றாள்.